குடைக்கம்பியில் நிற்காத அட்டைகள்

மதினி,

போன வாரம் வெயிலுக்குக் குடையை விரித்தேன். ஒரு கம்பி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடை ரிப்பேர் செய்கிறவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கம்பியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளம் நெடுகப் பார்த்தேன். வளைவு இல்லாமல் நேராக இருந்தது. அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். குடைக்கம்பியை அப்படிப் பார்க்கிறவர்கள் அருப்புக்கோட்டையில் நாம் இரண்டு பேர்தான் இருந்திருப்போம். இப்போது நான் ஒருத்தி.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தபோது எனக்கு உங்களைவிட ஒரு வயது கூடுதல். ஆனாலும் அண்ணன் மனைவி என்பதால் நான்தான் ‘வாங்க, போங்க’ என்று சொல்ல வேண்டும். நீங்கள் என்னைக் கோமதி என்று பேர் சொல்லிக் கூப்பிடலாம். இந்த முறையை நினைத்து நாம் இரண்டு பேரும் அடுப்படியில் சிரித்திருக்கிறோம். உங்கள் அப்பாவுக்குப் பூர்வீகம் இதே ஊர்தான் என்றாலும் நீங்கள் வளர்ந்தது மெட்ராஸ். நாங்கள் ‘அவுக வந்தாக’ என்றால் நீங்கள் ‘அவங்க வந்தாங்க’ என்பீர்கள். தெருவில் உங்களுக்கு ‘மெட்ராஸ்காரி’ என்றே பேர் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் அட்டை துளைக்கும் பிரிவில் வேலை பார்த்திருந்தீர்கள். மற்றப் பெண்கள் தாங்கள் பார்த்த தேரையும் திருவிழாவையும் சொல்கிற மாதிரி நீங்கள் அந்த அறையைப் பற்றிச் சொல்வீர்கள். ஒரு ஆளைப் பற்றிய விவரமெல்லாம் ஒரே அட்டையில் துளைகளாகிவிடும் என்றும், பீரோ அளவுக்கு ஒரு மிஷின் அந்த அட்டைகளை விழுங்கி, நாம் கேட்கிற ஆட்களை மட்டும் தனித்தனிக் குழியில் தள்ளும் என்றும் சொன்னீர்கள். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. “அட்டைக்குக் கண்ணா இருக்கு?” என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. “கண்ணு இல்ல. அதனாலதான் அது ஆளு பாக்காம பிரிக்குது” என்றீர்கள்.

நம் வீட்டு முன்பக்கம் பத்திரிகை ஏஜென்சி, பின்பக்கம் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் சினிமா நோட்டீஸும் அடிக்கிற மிதி மிஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதோடு மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு இந்தப் பக்கத்து நிருபராகவும் இருந்தார். மத்தியானத்துக்குள் செய்தியை எழுதி, கவரில் போட்டு, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். மறுநாள் காலையில் அது ‘நமது நிருபர்’ என்ற பேரில் வந்திருக்கும். நீங்கள் அதை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்பீர்கள். ‘பலர் பாதிப்பு’ என்றால் எத்தனை பேர், யார் எண்ணினார்கள், எண்ணாத தெரு எது? அண்ணன் அது சும்மா எழுதுகிற முறை என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் அடுத்த கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிப்பார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளில் மழை தொடர்ந்து பொய்த்த காலம் அது. நான் திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். திருச்சுழி வரைக்கும் பஸ், அதற்கு மேல் வண்டி கிடைத்தால் வண்டி, இல்லாவிட்டால் நடை. அந்தப் பங்குனியில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருவது குறைந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டால், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ காலில் சிலந்தி, தண்ணீர் எடுக்கவும் ஆடு மேய்க்கவும் பிள்ளைதான் போக வேண்டும் என்றார்கள்.

நரம்புச் சிலந்தியை இன்றைக்குள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறோம் என்று நினைப்பார்கள். காலில் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை காட்டும். அதைத் தீக்குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும்; அவசரப்பட்டு அறுந்துபோனால் கால் வீங்கி, சிலருக்கு நடையே போய்விடும். தெற்கே சில ஊர்களில் அது கோடைக்குக் கோடை வரும். அங்கே யாரும் அதைச் செய்தி என்று நினைக்கவில்லை. ஆனால் நான் வேலை பார்த்த ஊருக்கு அதுவரைக்கும் அது வந்ததே இல்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். வராத ஊர்களுக்கு ஏன் ஒரே வருஷத்தில் வந்தது? வீட்டில் நான் அதைக் கேட்டபோது உங்கள் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது. மெட்ராஸில் இருந்து வந்த பிறகு முதல் தடவையாக உங்கள் மூளைக்கு ஒரு வேலை கிடைத்தது போல இருந்தது.

ஊர்க்காரர்களிடம் இதற்குப் பதில் தயாராக இருந்தது. வேலுச்சாமி என்பவர் வீட்டுக்குத் தை மாதம் ஒரு மருமகள் வந்திருந்தாள். பேர் சீனியம்மா. சிலந்தி வழக்கமாக வருகிற தெற்கத்தி ஊர்க்காரி. அவள் ஊருணியில் கால் வைத்த பிறகுதான் தண்ணீர் கெட்டது என்று பேச்சுக் கிளம்பியது. முதலில் அவளை ஊருணிக்கு வரக் கூடாது என்றார்கள். பிறகு அவள் புருஷன் காலிலேயே சிலந்தி வந்ததும் வேலுச்சாமி அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டித் தனியாக நடந்து போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உங்களிடமும் அண்ணனிடமும் அதைச் சொன்னேன்.

அண்ணன் அந்த ஊர்களுக்குச் சைக்கிளில் போய், சிலந்தி வந்தவர்களைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்தார். எல்லோரும் ஊருணித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், ஆகவே ஊருணிதான் காரணம் என்று எழுத உட்கார்ந்தார். நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். கையை உதறிவிட்டு வந்து கேட்டீர்கள்:

“சிலந்தி வராதவங்க எந்தத் தண்ணியக் குடிக்கிறாங்க?”

அண்ணன் பேனாவை வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். அதை அவர் அந்த ஊர்களில் கேட்டிருக்கவில்லை. நோய் இல்லாதவனிடம் நோயைப் பற்றி என்ன கேட்பது என்று சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லா இருக்கிற வீட்டில் போய் உனக்குச் சிலந்தி வந்ததா என்று கேட்டால் வாய்முகூர்த்தம் பலித்துவிடும் என்று விரட்டுவார்கள் என்று உங்களோடு சண்டை போட்டேன். நீங்கள் விடவில்லை. வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில், ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்றீர்கள். அப்படிக் கேட்டால்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

பிரிப்பதற்கு மிஷின் எங்கே போவது? அதற்கும் வழி வைத்திருந்தீர்கள். மெட்ராஸில் கூட வேலை பார்த்த ஒருவர் மிஷின் இல்லாமலே அட்டை பிரிக்கிற முறை ஒன்றைச் சொல்லியிருந்தாராம். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த கனத்த அட்டையை ஒரே அளவில் வெட்டச் சொன்னீர்கள். தலைகீழாகப் போய்விட்டால் தெரிய வேண்டும் என்று எல்லா அட்டையிலும் ஒரே பக்கத்து மூலையைச் சீவினீர்கள். ஓரம் நெடுகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு கேள்வி. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. பதில் ‘ஆமாம்’ என்றால் துளைக்கும் ஓரத்துக்கும் நடுவில் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவிட வேண்டும். ‘இல்லை’ என்றால் துளையை அப்படியே விட வேண்டும். பிறகு எல்லா அட்டைகளையும் ஒன்றாக அடுக்கி, ஒரு கேள்வியின் துளைக்குள் கம்பியை நுழைத்துத் தூக்கி உலுக்கினால் ‘இல்லை’ என்றவர்கள் கம்பியில் தொங்குவார்கள். ‘ஆமாம்’ என்றவர்கள் கீழே விழுவார்கள்.

கம்பளி பின்னுகிற ஊசி இருந்தால் நல்லது என்றீர்கள். நம் ஊர் வெயிலில் கம்பளி பின்னுகிறவர் யார்? கடைசியில் குடை ரிப்பேர்க்காரரிடம் ஒரு கம்பி வாங்கி வந்தேன். வெறும் அட்டைகளை வைத்து முதலில் உலுக்கிப் பார்த்தபோது, திறந்துவிட்ட அட்டைகள் மட்டும் பாயில் உதிர்ந்தன. நான் திரும்பத் திரும்ப உலுக்கினேன். மிதி மிஷினில் நின்றவர் வேலையை விட்டுவிட்டு வந்து, தானும் ஒரு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. நீங்களும் நானும் வீடு வீடாகப் போனோம். நீங்கள் தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கரிசல் புழுதி செருப்பில் படிய, “எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?” என்றே ஒவ்வொரு வீட்டிலும் ஆரம்பிப்பீர்கள். முதலில் சந்தேகமாகப் பார்த்தவர்கள், டீச்சர் கூட வந்திருக்கிறாரே என்று பேசினார்கள். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தம்மா ஓட்டுக் கேட்டா வந்திருக்கு என்று விசாரித்தார்.

முதல் தடவை பிரித்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. சிலந்தி வந்தவர்களின் அட்டைகளைத் தனியே எடுத்து, ஊருணித் தண்ணீர்த் துளையில் கம்பியை விட்டோம். எல்லாம் விழுந்தன. வராதவர்களின் அட்டைகளிலும் அதே துளையில் விட்டோம். அவையும் எல்லாம் விழுந்தன. ஊருணி குடிக்காத ஆளே அந்த ஊர்களில் இல்லை. வயது, ஆண் பெண், தெரு என்று என்ன கேட்டாலும் இரண்டு கட்டும் ஒரே மாதிரி உதிர்ந்தன. எனக்குச் சலிப்பு வந்தது. உங்களுக்கு வரவில்லை. “நாம கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

அந்தக் கேள்வி ஆஸ்பத்திரியில் கிடைத்தது. அண்ணனுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரைப் பார்க்க மூன்று பேரும் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். தண்ணீரோடு உள்ளே போகிற பூச்சி, புழுவாக வளர்ந்து வெளியே வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகுமாம். வெளியே வரும்போது கால் எரியுமாம். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு அந்தத் தண்ணீரில் குஞ்சுகளை விடுமாம். அதைக் குடிக்கிறவனுக்கு அடுத்த கோடையில் வரும். நான்காக மடித்த துணியில் வடிகட்டிக் குடித்தாலே போதும் என்றார். வெளியே வந்ததும் நீங்கள் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டீர்கள். இன்றைக்கு எந்தத் தண்ணி என்று கேட்டு அலைந்திருக்கிறோம். கேட்க வேண்டியது போன கோடைத் தண்ணீரை. உங்கள் முகத்தில் ஏமாற்றம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

மறுபடியும் அதே வீடுகள். போன வருஷம் சித்திரை, வைகாசியில் எங்கே இருந்தீர்கள், எங்கே வேலை, அங்கே எந்தத் தண்ணீர்? அட்டைகளில் மிச்சமிருந்த துளைகளுக்கு வேலை வந்தது. இந்தத் தடவை கம்பியைத் தூக்கியபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். போன கோடையில் பஞ்ச நிவாரணத்துக்காக மண் ரோடு போட்டார்கள். பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் அந்த வேலைக்குப் போனார்கள். தெற்கத்தி ஊர்க்காரர்களும் வந்தார்கள். ரோட்டோரத்தில் பழைய படிக்கிணறு ஒன்று இருந்தது. இறங்கி, முழங்கால் நனைய நின்று அள்ளிக் குடித்தார்கள். சிலந்தி வந்தவர்கள் கட்டில் ரோட்டு வேலைத் துளைக்கு ஏறக்குறைய எல்லா அட்டையும் விழுந்தது. வராதவர்கள் கட்டில் ஒன்றிரண்டுதான் விழுந்தது. அந்த ஒன்றிரண்டையும் நீங்கள் விடவில்லை, போய்க் கேட்டோம். வேலைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோனவர்கள் அவர்கள்.

நான் கைதட்டினேன். நீங்கள் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். “இந்த வருஷமும் அந்த வேலை நடக்குதா?” என்று கேட்டீர்கள். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ரோடு இன்னும் கொஞ்ச தூரம் நீண்டிருக்கிறது, வேலை நடக்கிறது, அதே படிக்கிணறுதான். காலில் துணி சுற்றியவர்கள் படியில் உட்கார்ந்து காலை நனைக்கிறார்கள். அடுத்த படியில் குடத்தை முக்குகிறார்கள்.

“அடுத்த வருஷம் விழப்போறவன் இன்னைக்குத் தண்ணி குடிச்சிட்டு இருக்கான், கோமதி” என்றீர்கள். அந்தக் குரலில் உங்களை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அண்ணன் இரண்டு மணிக்குள் எழுதி முடித்து, கவரை மதுரை பஸ்ஸில் கொடுத்தார். மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மதுரைக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டதற்கு ஆசிரியர் குழுவில் ஒருவர், அட்டையை உலுக்கிப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீரே, இது என்ன கிளி ஜோசியமா என்று கேட்டாராம். சுகாதார அதிகாரி யாராவது சொன்னால் போடுகிறோம் என்றாராம். அண்ணன் ரிசீவரை ஓங்கி வைத்தார். நீங்கள்தான் சிரித்தீர்கள். “கிளி ஒரே ஒரு அட்டைய எடுக்கும். நாம எல்லாத்தையும் எடுத்திருக்கோம். அவங்களுக்கு நேர்ல காட்டணும், அவ்வளவுதான்” என்றீர்கள்.

பத்திரிகைக்காகக் காத்திருக்க நேரமில்லை. நம் அச்சகத்திலேயே துண்டு நோட்டீஸ் அடித்தோம். கிணற்றில் இறங்காதீர்கள், வாளியில் இறைத்துக்கொள்ளுங்கள், நான்காக மடித்த துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று பெரிய எழுத்தில். அண்ணன் ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் கொடுத்தார். வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் வெற்றிலையை மடித்து வைத்துக்கொண்டார்கள். தெரிந்தவர்கள், சிலந்திக்குக் காரணம் வேலுச்சாமி மருமகள் என்று ஊருக்கே தெரியுமே என்றார்கள்.

அதனால்தான் அந்த ஊருக்கே அட்டைகளைக் கொண்டுபோகத் தீர்மானித்தீர்கள். அண்ணன் யூனியன் சுகாதார ஆய்வாளரைப் பார்த்துக் கெஞ்சி அழைத்து வந்தார். பள்ளிக்கூடத்து முன்னால், காலை வெயில் ஏறுவதற்குள், ஊர் கூடியது. பிஸ்கட் டின்னிலிருந்து அட்டைகளை எடுத்து அடுக்கினீர்கள். நீங்கள் உலுக்கவில்லை. குடைக்கம்பியை நேரே வேலுச்சாமி கையில் கொடுத்தீர்கள். அவர் வாங்கத் தயங்கினார். இடது காலை நீட்டிக்கொண்டு அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தீக்குச்சி கட்டின கால்.

எந்தத் துளை என்ன கேள்வி என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் கம்பியை விட்டுத் தூக்கினார். சிலந்தி வந்தவர்கள் விழுந்தார்கள். இரண்டு கட்டாயிற்று. ஊருணித் துளையில் விட்டார். இரண்டு கட்டிலும் எல்லாம் விழுந்தன. ரோட்டுக் கிணற்றுத் துளைக்கு வந்தபோது, வராதவர்கள் கட்டைத் தூக்கி அவர் எவ்வளவு உலுக்கியும் அட்டைகள் கம்பியிலேயே தொங்கின. வந்தவர்கள் கட்டைத் தூக்கியதும் சரசரவென்று மண்ணில் கொட்டின. ஒன்றிரண்டு மட்டும் தங்கின. பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆய்வாளர் குனிந்து, தானே ஒரு தடவை செய்து பார்க்கலாமா என்று கேட்டார்.

நீங்கள் வேலுச்சாமியிடம் கேட்டீர்கள்: “உங்க மகன் ரோட்டு வேலைக்குப் போனது எந்த மாசம்?”

“போன சித்திரை.”

“புழு வெளிய வர ஒரு வருஷம் ஆகும்னு டாக்டர் சொல்றாங்க. மருமக வந்தது?”

அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகன் காலைப் பார்த்தார். “தையில” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: “அப்ப அவ வரும்முன்னயே எம் மகன் காலுக்குள்ள இருந்திருக்கு.”

அந்த ஆய்வாளர் அன்று மத்தியானமே படிக்கிணற்றுக்குப் போனார். அந்த வாரத்தில் கிணற்றுப் படிகளைக் கல்லும் முள்ளும் போட்டு அடைத்து, மேலே உருளையும் வாளியும் வைத்தார்கள். வேலைக்காரர்களுக்கு வடிகட்டிய தண்ணீர் பானையில் வந்தது. பத்திரிகையிலும் உள்பக்கத்தில் செய்தி வந்தது. உங்கள் பேரையும் போடச் சொல்லவா என்று அண்ணன் கேட்டிருந்தார். நீங்கள் பேர் வேண்டாம், ஆனால் நாம் கேட்க முடியாமல் விட்ட வீடுகள் இருக்கின்றன, அதைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள் என்றீர்கள். அண்ணன் எழுதினார். மதுரையில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள். பேர் வராததற்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வரி வராததற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தீர்கள். பாவம், அண்ணன் என்ன செய்வார்?

வேலுச்சாமி பழம், பூவோடு சம்பந்தி வீட்டுக்குப் போனார். சீனியம்மா உடனே கிளம்பவில்லை என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள். மாமனாரைச் சாயங்காலம் வரைக்கும் வாசலில் உட்கார வைத்தாளாம். “நான் வாரேன் மாமா. ஆனா அன்னைக்கு என்னையப் பேசுனவுக எல்லாரும் இருக்கும்போதே நான் ஊருணியில தண்ணி எடுக்கணும். நீங்க கூட நிக்கணும்” என்றாளாம். மறுநாள் அப்படியே நடந்தது. அவர் கரையில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குடத்து வாயில் மடித்த துணியைக் கட்டி, அதன் வழியாக நீரை ஊற்றினாள். அந்த ஊரில் முதலில் துணி கட்டின குடம் அவளுடையதுதான். அடுத்த வாரம் பார்த்தபோது ஊருணிக் கரையில் துணி கட்டாத குடத்தைத் தேட வேண்டியிருந்தது.

அடுத்த கோடையில் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் வெகு குறைவு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள் புது அட்டைகள் வெட்டிக்கொண்டு மறுபடியும் வீடு வீடாகப் போக என்னை இழுத்தீர்கள். நம்மால்தான் குறைந்ததா, போன கோடையிலேயே நல்ல மழை பெய்து ரோட்டு வேலை நின்றுபோனதாலா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கடைசிவரை அது பிரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்று நான் சொன்னதற்கு, “இருக்கலாம். ஆனா அட்டை சொல்லாதத நாம சொல்லக் கூடாது” என்றீர்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் எழுதிய செய்திகளுக்குப் பின்னால் எத்தனை தடவை அந்த டின் திறந்தது! பஸ் எந்த ஊரில் நிற்காமல் போகிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் பாதியில் நின்றுபோகிறார்கள் என்று எதையாவது பிரித்துக்கொண்டே இருந்தோம். சில கேள்விகளுக்கு விடை கிடைத்தது. பலவற்றுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத நாட்களில்தான் நீங்கள் அதிகம் பேசுவீர்கள்.

காலம் ஓடி அண்ணனும் போன பிறகு, உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. மதுரையில் டயாலிசிஸுக்கு வாரத்தில் சில நாட்கள் போக வேண்டியிருந்தது. நான் கூட வருவேன். குழாய்கள் மாட்டிப் படுத்திருக்கும்போதும் நீங்கள் அடுத்த கட்டில்காரர்களிடம் எந்த ஊர், என்ன வேலை, எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நர்ஸ் பேசாமல் படுங்கள் பாட்டி என்று அதட்டுவாள். அவள் போனதும் திரும்பக் கேட்பீர்கள். கடைசி மாதத்தில் ஒரு நாள் என் கையைப் பிடித்து, இந்த அறைக்கு நம்ம பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மட்டும் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். “எனக்கும் தெரியல. ஒருவேளை தற்செயலா இருக்கும். யாராவது போய்ப் பார்க்கணும்” என்றீர்கள்.

உங்கள் பேத்தி சென்னையில் பத்திரிகைக்காரியாக இருக்கிறாள். அவள் கம்ப்யூட்டரில் எண்களை நிரப்பி, ஒரு பொத்தானைத் தட்டினால் வேண்டியவர்கள் மட்டும் திரையில் நிற்கிறார்கள்; மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள். நான் முதலில் பார்த்தபோது உங்களைக் கூப்பிட வாய் எடுத்துவிட்டேன். உங்கள் காரியங்கள் முடிந்த பிறகு அவளிடம் அந்தக் கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து எழுதிக்கொண்டாள். இது பாதிதான், கிளம்பு, ஊருக்குப் போகலாம் என்றேன். லீவு போட்டுவிட்டு வந்தாள்.

என் முழங்காலுக்கு இப்போது தெரு தெருவாக நடக்க முடிவதில்லை. ஒரு வீடு, ஓய்வு, இன்னொரு வீடு என்று போகிறோம். நேற்றுக் கடைசித் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்றோம். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “எங்க வீட்டுல யாருக்கும் ஒரு சீக்கும் இல்லையேம்மா. எங்களக் கேட்டு என்ன பண்ணப் போறீக?” என்றார்.

உங்கள் பேத்தி என்னைப் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்தேன். வெயிலில் வந்தவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, அந்த அம்மா உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“இது எந்தத் தண்ணிம்மா?” என்று கேட்டேன்.